அவருக்கு மட்டும் அடித்த வாடை

தென்காசியில் எனக்குக் குஷன் வேலை. கார், லாரி சீட்டுகளைப் பிரித்து, புது நார் வைத்து, ரெக்சின் தைத்துக் கொடுப்பேன். நாறுகிற காரைச் சரி செய்வது என் தொழில் இல்லை. குற்றாலம் பக்கத்தில் இருந்ததால் அதுவும் என்னிடம் வந்து சேர்ந்தது.

சீசனுக்கு வருகிற ஆள் அருவியில் குளித்துவிட்டு ஈரத்தோடு காரில் ஏறுவான். உடம்பில் பாதி எண்ணெய் அப்படியே இருக்கும். நனைந்த துண்டை சீட்டுக்கு அடியில் திணிப்பான். மாங்கொட்டையை அங்கேயே போடுவான். சாரல் பெய்கிற வரைக்கும் எதுவும் காயாது, எதுவும் தெரியவும் செய்யாது. ஆவணிக்குப் பிறகு வெயில் ஏறும்போது கார் புழுங்கும். அப்போது என் கடைக்கு வருவார்கள். கதவைத் திறந்துவிட்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி நிற்பார்கள்.

எனக்கு நல்ல மூக்கு என்று ஊரில் பேர். செத்த பல்லியை டேஷ்போர்டுக்குள் இருந்து எடுத்திருக்கிறேன். கூரைத் துணிக்கு மேலே அணில் கட்டிய கூட்டைக் கண்டுபிடித்திருக்கிறேன். மூக்கு என்றால் என்ன என்று எனக்குத் தெரியும் என நினைத்திருந்தேன். எழுபதுகளின் கடைசியில் ஒரு புரட்டாசி மாதம் அந்த நினைப்பு போயிற்று.

ஒரு திங்கள்கிழமை காலையில் எலுமிச்சை மண்டி அண்ணாச்சி கடைக்கு வந்தார். வாசுதேவநல்லூர்ப் பக்கம் தோட்டம், தென்காசியில் மண்டியும் வீடும். அவர் காரின் சீட்டை முந்தின வருஷம் நான்தான் தைத்தேன். எங்கேயும் காரில்தான் போவார். அன்றைக்கு நடந்து வந்தார். கடையில் நின்ற லாரிக்காரன் போகிற வரைக்கும் காத்திருந்தார்.

"வே, காரு நாறுதுங்கா வீட்ல."

"கொண்டாங்க அண்ணாச்சி, பாப்போம்."

"கொண்டு வரக் கூடாது. நீரு வீட்டுக்கு வாரும். யார்ட்டயும் மூச்சு விடக் கூடாது."

கார் நாறுவதில் என்ன ரகசியம் என்று எனக்குப் புரியவில்லை. அவர் பெஞ்சில் உட்கார்ந்து குரலை இறக்கினார்.

"எனக்கு நாறல. டிரைவருக்கு நாறல. அவளுக்கு மட்டுந்தான். முழுகாம இருக்கா."

அவருக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருஷம். பிள்ளை இல்லை. இரண்டு தடவை உண்டாகி இரண்டும் தங்கவில்லை. இது மூன்றாவது. மூன்று மாதம் நிறையவில்லை. ஐந்தாம் மாதம் வரைக்கும் வெளியே தெரியக்கூடாது, கண் பட்டுவிடும் என்று வீட்டில் முடிவு. பாளையங்கோட்டையில் ஒரு டாக்டரம்மா பதினைந்து நாளைக்கு ஒரு ஊசி போடச் சொல்லியிருந்தார். போன வாரம் கிளம்பியிருக்கிறார்கள். பாவூர்சத்திரம் போவதற்குள் எட்டுத் தடவை வாந்தி. கடைசியில் ரத்தம் கலந்து வந்திருக்கிறது. காரைத் திருப்பிவிட்டார்கள். ஊசி போடவில்லை.

"வார வெள்ளிக்கெழம எப்படியும் கொண்டு போயிரணும். இதையும் விட்டா பொறுப்பில்லன்னுட்டாவ டாக்டரு. பஸ்ஸு குலுக்கும், ஆகாதுன்னுட்டாவ."

"வாடகைக் காரு?"

"டாக்சி ஸ்டாண்டுக்குத் தெரிஞ்சா ஊரு பூரா, குத்துக்கல்வலசை வரைக்கும் தெரியும்."

"அண்ணாச்சி, மசக்கைல பொம்பளையளுக்கு எல்லாந்தான் நாறும்."

"நானும் அதத்தான்வே சொன்னேன். சோறு கொதிக்கையில பக்கத்துல நிக்கா. மண்ணெண்ண அடுப்பு பத்த வைக்கா. ஒண்ணும் செய்யல. கார்க் கதவத் தொறந்தா கொமட்டுதா."

பையை எடுத்துக்கொண்டு போனேன்.

கார் வீட்டின் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் நின்றது. டிரைவர் பக்கத்தில் நின்றான். என் வயதுக்காரன். துடைப்பதில் பைத்தியம். தினமும் காலையில் நாலு வாளித் தண்ணீரைத் தூக்கிக் காரின் தலையில் ஊற்றாமல் அவனுக்குக் காப்பி இறங்காது. கதவைத் திறந்தேன். ஊதுபத்தி, சந்தனம், பவுடர், எலுமிச்சை எல்லாம் சேர்ந்து முகத்தில் அடித்தது.

"கோயிலா காரா?" என்றேன்.

"மொதலாளி போடச் சொன்னாவ, போட்டேன்."

"வாடைக்கு மேல வாடையப் போட்டா ரெண்டும் சேந்து நாறும்."

கண்ணாடிகளை ஏற்றிவிட்டு உள்ளே உட்கார்ந்தேன். அரை மணி நேரம். வியர்வை கொட்டியது. சந்தனத்துக்கு அடியில் லேசாக ஈரச் சாக்கு வாடை இருந்தது. எந்தக் காரிலும் இருக்கிறதுதான். இறங்கி, பெரிதாக ஒன்றும் இல்லை என்று சொன்னேன்.

அண்ணாச்சி உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். அந்த அம்மா வந்தார். முப்பது வயது இருக்கும். கன்னம் ஒட்டியிருந்தது. கழுத்துச் சங்கிலி எலும்பின் மேல் கிடந்தது. பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். நான் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நடிப்பாக இருந்தால் தெரிந்துவிடும் என்று நினைத்தேன். பத்து எண்ணுவதற்குள் மேலுதட்டில் வியர்வை முத்து முத்தாக வந்தது. முகத்தில் இருந்த ரத்தம் இறங்கியது. கதவைத் தள்ளிக்கொண்டு வேப்பமரத்தடிக்கு ஓடினார். வயிற்றில் ஒன்றும் இல்லை. மஞ்சளாகத் தண்ணீர் மட்டும் வந்தது.

அதை யாரும் நடிக்க முடியாது.

திரும்பி வந்ததும் கேட்டேன். "என்ன மாதிரி நாத்தம்மா?"

"நாத்தம்னு சொல்லாதீங்க அண்ணே. ஒரு வாடை."

சொல்லிவிட்டு அண்ணாச்சியைப் பார்த்தார். அண்ணாச்சி கொட்டகை ஓரத்தில் அடுக்கியிருந்த எலுமிச்சைக் கூடைகளைப் பார்த்தார்.

"உள்ள ஏதும் சிந்துச்சா அண்ணாச்சி? பாலு, மோரு, மீனு?"

"ஒண்ணும் இல்ல," என்றார். கேட்டு முடிப்பதற்குள் சொன்னார்.

அன்றைக்கு முழுக்க, போட்டதையெல்லாம் எடுப்பதே வேலையாகப் போயிற்று. பத்தி, சந்தனம், பவுடர். சோப்புத் தண்ணீர் வைத்துத் துடைத்தேன். ரப்பர் விரிப்பைத் தூக்கினால் அடியில் சணல் மெத்தை கறுத்து ஈரமாகக் கிடந்தது. பிழிந்தால் தண்ணீர் வரும் போல இருந்தது. அதைச் சுருட்டி வெளியே போட்டேன். ஒரு கூடை அடுப்புக்கரியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினேன். கரி வாடையைக் குடிக்கும்.

செவ்வாய்க்கிழமை காலையில் அண்ணாச்சி தலையை உள்ளே விட்டுப் பார்த்தார். "புதுக் காரு மாதிரி இருக்குவே."

அந்த அம்மா உட்கார்ந்தார். இந்தத் தடவை இருபது வரைக்கும் எண்ணினேன். இறங்கிவிட்டார்.

"நெறைய போச்சு. அது இருக்கு."

கதவுகளைப் பிரித்தேன். உள் அட்டையை எடுத்தால், கதவுக்குள் கணுக்கால் அளவு தண்ணீர். மழையோ, டிரைவரின் வாளியோ, கண்ணாடி வழியாக உள்ளே இறங்குகிற தண்ணீர் வடிவதற்கு அடியில் சின்ன ஓட்டைகள் உண்டு. வேப்பிலையும் மண்ணும் சேர்ந்து அவற்றை அடைத்திருந்தன. திருப்புளியால் குத்தினேன். சாக்கடை போலக் கொட்டியது. கொட்டகை முழுக்க நாறியது. எனக்குச் சந்தோஷம். இதுதான் அது என்று நினைத்தேன்.

"இதுல கெளுத்தி வளத்திருக்கலாம்," என்றான் டிரைவர்.

நாலு கதவையும் திறந்து காரை மேற்கே செங்கோட்டை பார்த்து நிறுத்தினோம். சாரல் நின்றிருந்தது. காற்று நிற்கவில்லை. மலை இடுக்கு வழியாக வருகிற அந்தக் காற்று ஒரு கதவில் நுழைந்து மறு கதவில் போயிற்று. மத்தியானம் வரைக்கும் விட்டேன். பிறகு நான் உள்ளே உட்கார்ந்து மூச்சை இழுத்துப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை. இரும்பு வாடை மட்டும்.

அந்த அம்மா கதவருகே வந்தார். ஏறவே இல்லை. முந்தானையால் மூக்கை மூடினார்.

"இப்பதான் அண்ணே நல்லாத் தெரியுது."

அண்ணாச்சிக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏட்டி, காருல தகரத்தத் தவிர ஒண்ணும் இல்ல. மனசுல இருக்கு ஒனக்கு."

அந்த அம்மா திரும்பி நடந்தார். உள்ளே போய்விட்டார். டிரைவர் என்னைப் பார்த்து, "எஞ்சினையும் எறக்கிரும்வே. ஒரேயடியா நிம்மதி," என்றான்.

நான் வீட்டுக்கு வந்தேன். சாப்பிடும்போதும் யோசனை. இரண்டு நாளாக நான் வாடைகளை ஒவ்வொன்றாக எடுத்திருக்கிறேன். எனக்கு எல்லாம் குறைந்துகொண்டே வந்தது. அந்த அம்மாவுக்கு அது ஒன்று மட்டும் கூடிக்கொண்டே வந்தது. சந்தைச் சத்தம் அடங்கினால்தான் ஓரமாக அழுகிற பிள்ளையின் சத்தம் கேட்கும். அப்படி இருக்குமோ என்று தோன்றியது. அப்படியானால் என் மூக்கு இங்கே செல்லாது. இந்த வேலைக்கு அவர் மூக்குதான் வேண்டும்.

புதன்கிழமை போனதும் காரிலிருந்து கழற்ற முடிந்ததை எல்லாம் கழற்றினேன். முன்சீட்டு, பின்சீட்டு, சாய்மானம், கதவு அட்டைகள், ஸ்டெப்னி, கூரைத் துணி. கொல்லையில் ஓலைப்பாய்களை விரித்து, ஒன்றுக்கொன்று பத்தடி தள்ளி வரிசையாக வைத்தேன். அப்புறம் அந்த அம்மாவைக் கூப்பிட்டேன். காற்று மேற்கே இருந்து வந்தது. அவரைக் கிழக்கே நிற்கச் சொன்னேன்.

"கண்ண மூடிக்கோங்கம்மா. நேரா நடங்க. அது வந்தா நில்லுங்க."

கண்ணை மூடிக்கொண்டு நடந்தார். முன்சீட்டு, தாண்டினார். கதவு அட்டை, தாண்டினார். பின்சீட்டுக்கு எதிரே நின்றார். பாய்க்கும் அவருக்கும் இருபதடி இருக்கும்.

"இது."

அண்ணாச்சி சிரித்தார். "குருட்டாம்போக்குல சொல்லுதா."

அந்த அம்மாவை உள்ளே போகச் சொன்னேன். நானும் டிரைவரும் எல்லாவற்றையும் இடம் மாற்றினோம். பின்சீட்டைக் கடைசிப் பாயில் வைத்தோம். கூப்பிட்டோம். கண்ணை மூடி நடந்தார். கடைசிப் பாய்க்கு நேரே நின்றார்.

"இது."

மூன்றாவது தடவை பின்சீட்டைத் தூக்கிக் கொட்டகைக்குப் பின்னால் ஒளித்தோம். பாயில் வைக்கவே இல்லை. அவர் வரிசை முழுக்க நடந்தார். நிற்கவில்லை. கடைசியில் கண்ணைத் திறக்காமலே கொட்டகைப் பக்கம் கையைக் காட்டினார்.

"அங்கன கொண்டு வச்சிட்டியளா?"

டிரைவர் வாயைத் திறந்தபடி நின்றான். எத்தனையோ வருஷமாக நான் மூக்கை வைத்துப் பிழைத்தவன். சீட்டின் மேல் படுத்து, ரெக்சினோடு மூக்கை ஒட்டி இழுத்துப் பார்த்தேன். ரெக்சின் வாடைதான் அடித்தது.

"அண்ணாச்சி, சீட்டப் பிரிக்கப் போறேன்."

அவர் முகம் மாறியது. "போன வருசந்தானவே தச்சீரு. நல்ல சீட்டு."

"நான் தச்சதுதான். அதான் பிரிக்கேன்."

சீட்டைக் கவிழ்த்துப் பின் ஓரத்தைப் பார்த்தேன். அந்த ஓரம் சாய்மானத்துக்கு அடியில் போய்விடும். யார் கண்ணுக்கும் தெரியாது. அதனால் அங்கே முழுக்கத் தைக்காமல் இரண்டு இடத்தில் கொக்கி மட்டும் போட்டு விட்டிருந்தேன். எல்லாக் குஷன்காரனும் செய்கிறதுதான். ஒரு கொக்கி விலகி, மூன்று விரல் நுழைகிற வாய் திறந்திருந்தது. என் சோம்பல் அங்கே இருந்தது.

கத்தியை வைத்து இழுத்தேன். ரெக்சினை மடக்கினேன். நார் எல்லாம் பழுப்பாக இருக்க, வாய் திறந்த இடத்தில் மட்டும் கறுத்து ஈரமாக இருந்தது. அந்த நாரை விலக்கியதும் அது வெளியே வந்தது. அழுகின இனிப்பு. அதற்குள்ளே வெங்காயம். எனக்கு இப்போதுதான் அடித்தது. டிரைவர் நாலடி பின்னால் போனான். அந்த அம்மா தூணைப் பிடித்துக்கொண்டார். முகத்தைத் திருப்பவில்லை.

இன்னும் கொஞ்சம் விலக்கினேன். கை நின்றுவிட்டது.

உள்ளே ஒரு கொட்டை இருந்தது. புறா முட்டை அளவு. முளைத்திருந்தது.

வேர் நாருக்குள் ஒரு முழத்துக்கு ஓடியிருந்தது. வெள்ளை வெளேர் என்று. ஓடுகிற வழியில் ஒரு ஸ்பிரிங்கைப் பிடித்து, அதைச் சுற்றிச் சுற்றி இறங்கியிருந்தது. தண்டு மறுபக்கம் போயிருந்தது. ஒரு சாண் நீளம், சவுக்குக் குச்சியை விட மெலிசு. அதிலும் பச்சை இல்லை. வெளிச்சம் எந்தப் பக்கம் என்று அதற்குத் தெரிந்திருக்கிறது. கொக்கி விலகின அந்த வாயைப் பார்த்தே வளைந்து வளைந்து போயிருந்தது. நுனியில் இரண்டு இலை, மடித்த விரல் நகம் போல, மஞ்சளாக.

அதன் மேல் ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். மாதக் கணக்காக.

டிரைவர் குனிந்து உற்றுப் பார்த்தான்.

"பலாக்கொட்டையா?" என்று டிரைவர்தான் கேட்டான்.

"இல்ல," என்றார் அந்த அம்மா.

அண்ணாச்சி அவரைப் பார்த்தார். சொல்லாதே என்கிற பார்வை. அந்த அம்மா சொன்னார்.

ஆடி மாதம் ஐந்தருவிக்குப் போயிருக்கிறார்கள். அங்கே சீசனில் துரியன் பழம் வரும். பிள்ளை இல்லாதவர்கள் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் சாப்பிட்டால் பிள்ளை உண்டாகும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. எங்கெங்கே இருந்தோ வருவார்கள். கடைக்காரர்கள், "புள்ளைக்கா அண்ணாச்சி?" என்று சத்தமாகக் கேட்பார்கள். பதினோரு வருஷம் அதை வாங்காமல் வைராக்கியமாக இருந்த மனிதர். பழத்தைச் சாக்கில் சுற்றி வாங்கியிருக்கிறார். டிரைவரை டீ குடிக்க அனுப்பிவிட்டு, யாரும் பார்க்காமல், கண்ணாடியை ஏற்றிவிட்டு, காருக்குள்ளேயே உட்கார்ந்து இரண்டு பேரும் தின்றிருக்கிறார்கள்.

"கொட்டைய எல்லாம் எண்ணி மடியில கட்டினேன். ஒண்ணு கொறஞ்சுது. கெடக்கு விடுன்னுட்டாவ இவிய."

"தொலைஞ்ச கொட்டையத் தேடிட்டா இருப்பாவ?" என்றார் அண்ணாச்சி. குரலில் பலம் இல்லை.

"ஒங்களுக்கு இந்த வாடைதான்னு தெரியுமாம்மா?" என்று கேட்டேன்.

"மொத நாளே தெரியும். புள்ளையக் குடுத்த பழம் அண்ணே. அத நாறுதுன்னு எந்த வாயால சொல்லச் சொல்லுதிய?"

காரைச் சுற்றி வந்து பின்கண்ணாடியைப் பார்த்தேன். ரப்பர் வெடித்திருந்தது. தண்ணீர் ஊற்றச் சொன்னேன். கண்ணாடி ஓரமாக இறங்கி, சாய்மானத்துக்குப் பின்னால் ஓடி, சரியாக அந்த வாய் இருந்த இடத்தில் சொட்டியது. தினம் நாலு வாளி.

அண்ணாச்சி டிரைவரைப் பார்த்தார். "ஏலே, ரெண்டு மாசமா நீதாம்லே தண்ணி ஊத்தி வளத்திருக்க."

"எனக்கு என்ன தெரியும் மொதலாளி? ஒரு வார்த்த சொல்லிருந்தா வேலியும் கட்டிருப்பேன்."

அந்த அம்மா சிரித்தார். அந்த மூன்று நாளில் அப்போதுதான் அவர் சிரித்துப் பார்த்தேன். உடனே நின்றுவிட்டது. நான் இடுக்கியை எடுத்ததைப் பார்த்துவிட்டார்.

"பிடுங்கப் போறியளா?"

"நாரு அழுகிட்டும்மா. எல்லாத்தையும் எடுத்தாத்தான் வாடை போவும்."

"எடுங்க. ஒடிச்சிராதீங்க." வயிற்றில் கையை வைத்தார். "அது ஒடிஞ்சுன்னா..."

அண்ணாச்சி, "சும்மா இருட்டி, அது செடி," என்றார். ஆனால் அவரும் என் கையையே பார்த்தார்.

வேர் ஸ்பிரிங்கை ஏழு சுற்றுச் சுற்றியிருந்தது. அவிழ்க்கப் பார்த்தால் ஒடிந்துவிடும். ஸ்பிரிங்கைத்தான் அறுக்க வேண்டும். அறுத்தால் ஆடும். ஆடினாலும் ஒடியும். டிரைவரை எதிரே உட்காரவைத்து, ஸ்பிரிங்கை இரண்டு கையாலும் அசையாமல் பிடிக்கச் சொன்னேன். ஆக்சா பிளேடை மட்டும் துணியில் சுற்றிக் கையில் பிடித்து, சின்னச் சின்னதாக இழுத்தேன். மேலே ஒரு அறுப்பு, கீழே ஒரு அறுப்பு. நடுவில் அவன் நகரக் கூடாது, நான் இருமக் கூடாது. மத்தியானம் ஆரம்பித்தது, நாலு மணி ஆயிற்று. நான் எத்தனையோ லாரி சீட்டு அறுத்திருக்கிறேன். இத்தனை நேரம் ஒரு ஸ்பிரிங்கோடு கிடந்தது அன்றைக்குத்தான்.

"வே, மூச்சு விடும். செத்துக் கித்துப் போயிராதியும்," என்றான் டிரைவர்.

கடைசி இழை அறுந்தது. ஸ்பிரிங் துண்டோடும் நாரோடும் இரண்டு கையிலும் ஏந்தி எடுத்தேன். கொட்டை, வேர், தண்டு, இரண்டு இலை. முழுசாக இருந்தது. கனமே இல்லை. ஒரு பழைய பானையில் மண் போட்டு, அப்படியே இறக்கி வைத்தோம். ஸ்பிரிங்கும் மண்ணுக்குள் போயிற்று.

அதுவரைக்கும் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அந்த அம்மா எழுந்து உள்ளே போனார். அன்றைக்கு அவர் கஞ்சி குடித்ததாக டிரைவர் பிறகு சொன்னான்.

வியாழக்கிழமை சீட்டை முதலில் இருந்து செய்தேன். பழைய நாரை ஒரு இழை விடாமல் கொட்டினேன். துருப்பிடித்த கம்பிகளைத் தேய்த்து, வெயிலில் போட்டு, புது ஸ்பிரிங் கட்டினேன். காய்ந்த நாராகப் பொறுக்கி வைத்தேன். பின் ஓரத்தைக் கொக்கி போடாமல் வளைந்த ஊசியால் நெருக்கித் தைத்தேன். பின்கண்ணாடிக்குப் புது ரப்பர். சாயங்காலம் எல்லாவற்றையும் மாட்டிக் கண்ணாடியை ஏற்றினோம். அந்த அம்மா ஏறி உட்கார்ந்தார். நூறு வரைக்கும் எண்ணினேன். அப்புறம் எண்ணுவதை விட்டுவிட்டேன். அவர் உள்ளே இருந்து கண்ணாடியைத் தட்டி, இல்லை என்று தலையை ஆட்டினார்.

வெள்ளிக்கிழமை காலையில் என்னையும் வரச் சொன்னார்கள். வழியில் ஏதாவது வந்தால் நான் இருக்க வேண்டும் என்று அந்த அம்மா சொன்னாராம். நான் போகும்போது அண்ணாச்சி கொல்லையில் நின்றார். பானையைக் கொட்டகைக்குப் பின்னால் மறைத்துக்கொண்டிருந்தார். இரண்டு இலையும் தொங்கிவிட்டன. தண்டு நூல் போல மண்ணில் படுத்திருந்தது.

"அவகிட்ட சொல்லாதியும்," என்றார். மண்டியில் நாலு பேரை ஒரே அதட்டில் அடக்குகிறவர். கெஞ்சுகிற மாதிரி இருந்தது.

கிளம்பினோம். நான் முன்னால், டிரைவர் பக்கத்தில். பின்னால் அவர்கள் இரண்டு பேர். டிரைவர் மாட்டுவண்டி வேகத்தில் ஓட்டினான். கண்ணாடியில் அடிக்கடி பின்னால் பார்த்தான். பாவூர்சத்திரம் வந்தது. போன வாரம் திருப்பின புளியமரம் வந்தது, போயிற்று.

அதற்கு அப்புறம் அந்த அம்மா பேசினார்.

"அந்தச் செடி வாடிட்டு, இல்லா?"

அண்ணாச்சி, "எவன் சொன்னான்?" என்று என் முதுகைப் பார்த்தார்.

"யாரும் சொல்லல. நேத்து ராவு பச்ச வாடை வந்துது. காலைல வரல்ல."

கொல்லை எங்கே, அவர் படுக்கிற அறை எங்கே. நடுவில் இரண்டு சுவர். நான் திரும்பிப் பார்க்கவில்லை. டிரைவரின் கை ஸ்டியரிங்கில் இறுகியதைப் பார்த்தேன்.

"மனசுல வச்சுக்காத," என்றார் அண்ணாச்சி.

"இருட்டுலயே இருந்தது. வெளிச்சம் தாங்கல. அண்ணன் ஒடிக்காமத்தான எடுத்தாவ. அது போதும்."

ஆலங்குளம் தாண்டினோம். ரோடு இரண்டு பக்கமும் வெறும் செம்மண். வீடு இல்லை, மரம் இல்லை. திடீரென்று அவர் முன்சீட்டை எட்டிப் பிடித்தார்.

"நிறுத்துங்க."

டிரைவர் பிரேக்கை மிதித்தான். எங்கே விட்டேன், எந்த மூலையில் விட்டேன் என்று மனசு கார் முழுக்க ஓடியது. அண்ணாச்சி கதவைத் திறந்து அவரைத் தாங்கப் போனார்.

"வாடை வருதா?"

"ஆமா."

"என்ன வாடைம்மா?" என்றேன்.

"எங்கனயோ கருவாடு சுடுதாவ," என்றார். "எனக்கு அது வேணும்."

நாங்கள் மூன்று பேரும் வெளியே தலையை நீட்டி மூக்கால் காற்றை இழுத்தோம். மண் வாடை. பெட்ரோல் வாடை. வேறு ஒன்றும் இல்லை. எங்கேயும் புகை தெரியவில்லை.

"போங்க. முன்னாலதான்," என்றார்.

டிரைவர் ஓட்டினான். ஒரு மைல் போனோம். ரோடு வளைந்தது. வளைவுக்குப் பின்னால் பனைகளுக்கு நடுவே ஒரு ஓலைக்குடிசை. வாசலில் ஒரு பெண் தோசைக்கல்லில் நெத்திலிக் கருவாட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். டிரைவர் காரை நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கின் மேல் கையைக் கூப்பினான். விளையாட்டுக்குச் செய்யவில்லை.

அந்தப் பெண் யார், என்ன என்று கேட்கவில்லை. அந்த அம்மாவின் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. தட்டில் பழையதைப் பிழிந்து வைத்தாள். மேலே கருவாட்டை அள்ளிப் போட்டாள். அந்த அம்மா குடிசை நிழலில் உட்கார்ந்து தின்றார். கையை நக்கித் தின்றார். இரண்டாவது தடவையும் வாங்கினார்.

அண்ணாச்சி காரின் மறுபக்கம் போய் டயரைப் பார்த்துக்கொண்டு நின்றார். டயரில் ஒன்றும் இல்லை. நான் அந்தப் பக்கம் போகவில்லை.

பதினொரு மணிக்குப் பாளையங்கோட்டை போய்ச் சேர்ந்தோம். அந்த அம்மா தானாகவே இறங்கி, படியேறி உள்ளே போனார். ஊசி போட்டார்கள். திரும்பி வரும்போது வழி முழுக்கத் தூங்கினார். சித்திரைக் கடைசியில் பெண் பிறந்தாள்.